அறுபத்து நான்கு புள்ளி எட்டு

எங்கள் ஊர் முஸ்தாக்கின் நடுவில், கடைக்கும் பள்ளிக்கும் இடையே, ஆளுயரத்துக்கு ஒரு கான்கிரீட் தூண் நிற்கிறது. அதில் ஓர் எண் இருக்கிறது. உற்றுப் பார்த்தால் இரண்டு எண்கள். மேலே சிவப்புப் பெயிண்டில் இருப்பது உண்மை. அடியில் கான்கிரீட்டில் பதிந்திருப்பது பொய். எது உறுதியானது என்று என்னிடம் கேட்காதீர்கள். அந்தப் பொய் என்னுடையது. ஊரில் சிலர் வீடு கட்டினார்கள், சிலர் குதிரைக் கூட்டம் பெருக்கினார்கள். என் பெயர் சொல்ல நான் விட்டுப்போவது அது ஒன்றுதான்.

நான் கவ்ரில். முப்பத்தைந்து வருடம் எங்கள் ஊர் வானிலை நிலையத்தில் பார்வையாளன். பெரிய வேலை என்று நினைத்துவிடாதீர்கள். மூன்று மணிக்கொரு தரம் வெளியே போய், நான்கு கால்களில் நிற்கும் வெள்ளை மரப்பெட்டியைத் திறந்து, உள்ளே இருக்கும் தெர்மாமீட்டரை மூச்சை அடக்கிக்கொண்டு பார்க்க வேண்டும். மூச்சு பட்டால் கண்ணாடி சூடாகி எண் கெட்டுவிடும். பார்த்ததை உள்ளே ஓடிவந்து எழுதி, ரேடியோவில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் எல்லா வாத்தியாரும் என்னிடம் வாயை மூடு என்றார்கள். கடைசியில் அரசாங்கம் அதற்கே சம்பளம் கொடுத்தது.

ஜனவரியில் எங்களுக்கு மைனஸ் அறுபது. ஜூலையில் முப்பத்தைந்து. குளிர்காலத்தில் கோடாரி மரத்தில் பட்டதும் கோடாரிதான் பிளக்கும். பசுவின் மடிக்கு முயல்தோலில் பை தைத்துக் கட்டுவோம். கழிப்பறைக்குப் போகிறவன் கையில் கடப்பாரை இருக்கும். ஏன் என்று நான் விளக்கப் போவதில்லை. கோடையில் கொசு, வாய் திறந்து பேசவிடாது. பேசினால் அன்றைக்குச் சாப்பாடு அதுதான்.

இதற்கெல்லாம் நாங்கள் வருத்தப்படுவதாக நினைத்தால் அதைவிடப் பெரிய தவறு கிடையாது. பெருமைப்பட எங்களிடம் வேறு சரக்கு இல்லை. மலைக்கு அந்தப் பக்கம், நாற்பது கிலோமீட்டரில், ஹாரியா என்று ஓர் ஊர். அதே மாடு, அதே குதிரை, அதே கொசு. ஆனால் அவர்கள் ஊர் முகப்பில் ஒரு மரப்பலகை: மைனஸ் 61.9. எங்கள் ஊரில் அதுவரை பதிவான ஆகக் குறைந்த எண் 61.4. அந்த அரை டிகிரிதான் எங்கள் ஊரின் துக்கம். ஹாரியாக்காரன் ஒருவன் குதிரை வாங்க எங்கள் ஊருக்கு வந்தால், வண்டியை விட்டு இறங்கியதும் கோட்டின் மேல் பட்டனைக் கழற்றுவான். "அப்பாடா, இங்க கொஞ்சம் வெதுவெதுன்னு இருக்கு" என்பான். மைனஸ் ஐம்பத்தெட்டில்.

ஊர்த்தலைவர் ப்ரொகோபி அண்ணன் தினமும் காலையில் நிலையத்துக்கு வந்துவிடுவார்.

"தம்பி, இன்னிக்கு எவ்வளவு?"

"அம்பத்தொம்பது, அண்ணே."

"அங்க?"

"அறுபது."

கதவைத் திறந்து போட்டுக் குளிரை நான்தான் வெளியே விட்டுவிட்டேன் என்பதுபோல் என்னைப் பார்ப்பார். "கண்ணு நல்லாத் தெரியுதாடா உனக்கு?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

அந்த 'அங்க' என்ற ஊரின் எண்ணைச் சொல்கிறவள் வர்வாரா. ஹாரியா நிலையத்தின் பார்வையாளர். இரண்டு ஊருக்கும் ஒரே ரேடியோ அலைவரிசை. அவள் சொல்வது எனக்குக் கேட்கும், நான் சொல்வது அவளுக்கு. எண்ணைத் தப்பில்லாமல் சொல்வதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் எண்ணெல்லாம் முடிந்ததும் ஒரு வாக்கியம் கூடுதலாகச் சொல்வாள்.

"ஹாரியா. மைனஸ் அம்பத்தெட்டு புள்ளி மூணு. காத்து இல்ல. மேகம் இல்ல. எங்க செவலைப் பசு கன்னு போட்டிருக்கு."

பசு கன்று போட்டது எந்த வானிலைக் குறிப்பிலும் சேராது. ஆகவே அது எனக்குத்தான் என்று முடிவு செய்தேன். நானும் பதிலுக்கு, "முஸ்தாக். அம்பத்தெட்டு புள்ளி ஒண்ணு. காத்து இல்ல. எனக்குச் சளி" என்பேன். சளியைச் சொல்லிப் பெண்ணைக் கவர நினைத்தவன் இந்தப் பனிநாட்டிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இப்படி மூன்று வருடம் ஓடியது. நேரில் நாலு முறை பார்த்திருப்பேன். எனக்கு முப்பத்துமூன்று வயது. மார்ச் மாதம், உறைந்த ஆற்றின் மேல் லாரி ஓடும்போதே ஹாரியாவுக்குப் போய், என்னைக் கட்டிக்கொள்வாயா என்று கேட்டுவிடுவது என்று தீர்மானித்தேன்.

பெண் கேட்கப் போகிறவனுக்கு நல்ல காலணி வேண்டாமா? கலைமான் தோலில், மேல்விளிம்பில் மணி கோத்த பூட்ஸ் ஒரு ஜோடி தைக்கச் சொன்னேன். ஜனவரியில் வந்தது. காலுக்குப் பழகட்டும் என்று வேலைக்கும் அதையே போட்டுக்கொண்டேன். யாரும் பார்க்காத இடத்தில் அழகு காட்டினால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி.

அன்று காலை ஆறு மணிக்குப் பார்த்தபோது 60.7. ஒன்பது மணிக்கு மறுபடி போனேன். காற்றே இல்லை. எல்லா வீட்டுப் புகையும் நட்டுவைத்த கம்புபோல் நேராக நின்றது. மூச்சு விட்டால் அது அங்கேயே உறைந்து உதிர்ந்து, காய்ந்த வைக்கோலை மிதிக்கிற சத்தம். பெட்டிக்கு முன்னால் மூன்று படி. மூன்றாவது படியில் புது பூட்ஸின் அடி வழுக்கியது. என் தலை நேராகப் போய்ப் பெட்டியில் முட்டியது. நரித்தோல் தொப்பி இருந்ததால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பெட்டிதான் ஆடிப்போனது.

திறந்தேன். அந்தப் பெட்டியில் ஒரு தெர்மாமீட்டர் படுத்தபடி இருக்கும். அதன் ஆல்கஹாலுக்குள் மெல்லிய ஊசி ஒன்று மிதக்கும். சூடு குறையக் குறைய ஊசியும் கூடவே இறங்கும். சூடு ஏறினால் ஊசி ஏறாது, கடைசியாக இறங்கிய இடத்திலேயே கிடக்கும். அதைப் பார்த்துத்தான் இரவின் ஆகக் குறைந்த எண்ணை எழுதுவோம். ஆனால் யாராவது ஒரு மடையன் பெட்டியில் முட்டினால் ஊசி சும்மாவே கீழே வழுக்கிப் போய்விடும்.

ஆல்கஹால் காட்டியது 60.1. ஊசி காட்டியது 64.8.

எனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். எட்டு வருடம் அதே பெட்டியைப் பார்த்தவனுக்குத் தெரியாமல் இருக்குமா? 'ஊசி அசைந்தது' என்று எழுதிக் கோடு போட வேண்டும். அதுதான் விதி. மூச்சை அடக்கி நின்றிருந்தேன். அந்த ஒரு மூச்சு நேரத்தில் ப்ரொகோபி அண்ணன் முகம் வந்தது. ஹாரியாக்காரன் கழற்றிய பட்டன் வந்தது. இன்னொன்றும் வந்தது, சொல்ல வெட்கமாக இருக்கிறது: அறுபத்து நான்கு புள்ளி எட்டைப் பார்த்த ஆள் என்று வர்வாரா என்னை மதிப்பாள் என்று தோன்றியது. உலகத்திலேயே அதை நம்பாத ஒரே ஆள் அவள்தான் என்பது தோன்றவில்லை.

போய் எழுதினேன். ரேடியோவில் சொன்னேன். பிறகு வர்வாராவின் குரல்.

"முஸ்தாக், மறுபடி சொல்லுங்க."

"அறுபத்தி நாலு புள்ளி எட்டு."

"ஆறு மணிக்கு அறுபது புள்ளி ஏழு சொன்னீங்க. ஒம்பது மணிக்கு அறுபது புள்ளி ஒண்ணு சொல்றீங்க. நடுவுல அறுபத்தி நாலா? குளிர் என்ன உங்க ஊர் நிலவறைக்குள்ள இறங்கி மீன் எடுத்துட்டு மேல வந்துச்சா?"

"ஊசி காட்டினத எழுதினேன்."

"ஊசி காட்டுச்சு, சரி. நீங்க பாத்தீங்களா?"

ரேடியோ கோளாறு என்பதுபோல் பட்டனை அழுத்தி அணைத்துவிட்டேன். மாவட்ட அலுவலகத்தில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. எண் அன்று மத்தியானமே ஊருக்கு வந்துவிட்டது. கேள்விக்குறி வரவே இல்லை.

ப்ரொகோபி அண்ணன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். கண்ணீர் இமையிலேயே உறைந்துபோய், கொஞ்ச நேரம் அவரால் கண்ணைத் திறக்க முடியவில்லை. பால்காரி மத்ரியோனா அக்கா, தட்டு தட்டாக உறையவைத்த பாலேடு ஒரு மூட்டை கொண்டுவந்து வாசலில் வைத்தாள். ஊர் கூடியது. மரப்பலகையெல்லாம் ஹாரியாக்காரனுக்கு, நமக்குக் கான்கிரீட் தூண் என்று முடிவானது. பொதுக் குளியலறை கட்ட வந்த சிமெண்ட் இரண்டு வருடமாகக் கொட்டகையில் கிடந்தது. அதை எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். கைதூக்கச் சொன்னார்கள். நானும் தூக்கினேன்.

குளிர்காலத்தில் கான்கிரீட் போட முடியாது. ஆக, குளிருக்கான சின்னம் கோடைக்காகக் காத்திருந்தது. என் மானமும் அதுவரை காத்திருந்தது.

அன்றிலிருந்து வர்வாரா எண்ணை மட்டும் சொன்னாள். காற்று, மேகம், முடிந்தது. பசு என்ன ஆயிற்று, கன்று என்ன ஆயிற்று, ஒன்றும் தெரியாது. நான், "முஸ்தாக். இருமல் போயிடுச்சு" என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். அந்த ஒரு வாக்கியம் இல்லாமல் நாள் இத்தனை நீளமாக இருக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

மார்ச் வந்தது. ஹாரியாவுக்கு வைக்கோல் ஏற்றிக்கொண்டு லாரி புறப்பட்டது. பூட்ஸைப் போட்டுக்கொண்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். கிளம்புமுன் ஓடிப்போய் ரேடியோவில் கேட்டேன். "வரட்டுமா?"

"எதுக்கு?"

"சும்மா. பாக்கத்தான்."

"ஊசி தானா இறங்குச்சா, நீங்க தள்ளினீங்களா? அதுக்கு ஒரு பதில் இருந்தா வாங்க. இல்லேன்னா டீசலை வீணாக்க வேணாம்."

லாரிக்குத் திரும்பி வந்து என் மூட்டையை இறக்கிக்கொண்டேன். டிரைவர் ஏன் என்று கேட்டான். வயிறு சரியில்லை என்றேன். ஊரில் எனக்கு உண்மை சொல்லும் பழக்கம் அதற்குள் சுத்தமாக விட்டுப்போயிருந்தது. ஏப்ரலில் பனி இளகிப் பாதை சேறானது. மே கடைசியில் ஆற்றுப் பனி உடைந்து, வீடளவு பனிப்பாளங்கள் இரண்டு நாள் இடித்துக்கொண்டு போயின. ஜூனில் ஒரே வாரத்தில் எல்லாம் பச்சையாகி, கொசு வந்து, சிமெண்டும் கலக்கினார்கள்.

ஜூன் இருபத்திரண்டு எங்கள் கோடைத் திருவிழா. அன்றே தூணைத் திறப்பது என்று ஏற்பாடு. ஹாரியா மொத்தத்தையும் அழைத்திருந்தார் ப்ரொகோபி அண்ணன். வயிறெரிய வைப்பதற்குத்தான், வேறெதற்கு? படகுகளில் வந்தார்கள். வர்வாராவும் வந்தாள். நீல உடை, வெள்ளிக் காதணி. என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள்.

அன்றைக்கு நிழலில் முப்பத்துநான்கு டிகிரி. அளந்தவன் நான், அதில் பொய் இல்லை.

"தம்பி, ஃபோட்டோவுக்கு நீ குளிர்கால உடுப்புல நிக்கணும்" என்றார் ப்ரொகோபி அண்ணன். "குளிரோட சின்னத்துக்குப் பக்கத்துல அரைக்கைச் சட்டை போட்டு நின்னா பாக்கறவன் சிரிப்பான்."

ஆட்டுத்தோல் கோட்டு, நரித்தோல் தொப்பி, கையுறை, அந்தப் பாழாய்ப்போன பூட்ஸ். அப்படி நிற்கவைத்தார்கள். நெருப்பில் குதிரைப்பாலைத் தெளித்து வாழ்த்துப் பாடினார்கள். பாட்டு நீளமான பாட்டு. வியர்வை கோட்டுக்குள் ஓடி பூட்ஸில் தேங்கியது. கொசுக்கள், திறந்திருந்த ஒரே இடமான என் மூக்கில் வந்து கூடின. துணியை விலக்கினார்கள். 64.8. ஒவ்வொரு இலக்கமும் முழ உயரம். கான்கிரீட்டில் ஆழமாகப் பதிந்திருந்தது. இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

மைக்கை என் கையில் கொடுத்தார்கள். கூட்டத்தில் வர்வாரா எங்கே என்று பார்த்தேன். அவள் தூணைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த எண்ணை நான் வைத்துக்கொள்ளலாம், அல்லது இவளை. இரண்டும் ஒரே வீட்டில் இருக்காது. அது எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஆறு மாதம் ஆகியிருந்தது. எனக்கு எதுவுமே கொஞ்சம் தாமதமாகத்தான் விளங்கும்.

"ஊசி தானா இறங்கல" என்றேன். "நான் படியில வழுக்கித் தலையால முட்டினேன். அதுல இறங்கினது. தெரிஞ்சேதான் எழுதினேன்."

மத்ரியோனா அக்கா கத்தினாள்: "ஐயோ, புள்ளைக்கு வெயில் தலைக்கேறிடுச்சு! அந்தத் தொப்பியைக் கழட்டுங்கப்பா!"

"வெயில் இல்லக்கா, உண்மைதான்."

"பாத்தீங்களா, உளறுது!"

என் வாழ்க்கையில் ஒரே ஒருமுறை உண்மை சொல்கிறேன், ஊர் எனக்குத் தண்ணீர் கொண்டுவருகிறது. ப்ரொகோபி அண்ணன் மைக்கை வாங்கப் பார்த்தார். அப்போது வர்வாரா முன்னால் வந்தாள்.

"பெட்டி அங்கதான இருக்கு? முட்டிக் காட்டச் சொல்லுங்க."

இரண்டு ஊரும் வானிலை நிலையத்துக்கு நடந்தது. நான் கோட்டும் தொப்பியுமாக முன்னால். வர்வாரா பெட்டியைத் திறந்து, மூச்சை அடக்கிப் படித்தாள். "ஊசி பதினொண்ணுல இருக்கு. ராத்திரிக் குறைவு. எல்லாரும் கேட்டுக்குங்க." மூடினாள்.

முட்டினேன். திறந்தாள். "ஆறு."

"ஒரு முட்டுக்கு அஞ்சு டிகிரியா!" என்றான் ஹாரியாக்காரன் ஒருவன். "இன்னும் ஒண்ணு போடு!"

முட்டினேன். "ரெண்டு."

"பலமா முட்டுடா, சாப்பிடலையா நீ?" இது மத்ரியோனா அக்கா. அவளும் கட்சி மாறிவிட்டாள். நான் என் மேலேயே இருந்த கோபத்தில் தொப்பியைக் கழற்றி எறிந்துவிட்டு முட்டினேன். கண்ணில் பூச்சி பறந்தது.

"மைனஸ் மூணு" என்றாள் வர்வாரா. "முஸ்தாக்குல ஜூன் மாசம் உறைபனி."

ஹாரியா சிரித்த சிரிப்பு மலைவரை போய்த் திரும்பியது. எங்கள் ஊரும் சிரித்தது, வேறு வழியில்லாமல். ப்ரொகோபி அண்ணன் மட்டும் படியில் உட்கார்ந்துவிட்டார். திட்டுவார் என்று நின்றேன். அவர் மெதுவாகத்தான் சொன்னார்.

"குளியலறைக்கு வந்த சிமெண்ட்டுடா அது."

அவர் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. இன்றுவரை எங்கள் ஊரில் பொதுக் குளியலறை கிடையாது. யார் வீட்டிலாவது வெந்நீர் போதவில்லை என்றால் என்னைத்தான் நினைத்துக்கொள்வார்கள்.

தூணை உடைக்க யாருக்கும் மனம் வரவில்லை. பள்ளத்தைச் சுண்ணாம்புக் கலவையால் அடைத்து, மேலே சாம்பல் பூசி, சிவப்பில் 61.4 என்று எழுதுவது என்று தீர்மானித்தார்கள். ஆக உலகத்திலேயே, பக்கத்து ஊரைவிட நாங்கள் அரை டிகிரி குறைச்சல் என்று கான்கிரீட்டில் தூண் நாட்டிய ஊர் எங்களுடையது. அடைத்து எழுதுகிற வேலை எனக்கு. ஒவ்வொரு கோடையிலும், உயிரோடிருக்கும்வரை. அதுதான் தண்டனை.

அன்று சாயங்காலமே பெயிண்ட் டப்பாவோடு உட்கார்ந்தேன். வர்வாரா பக்கத்தில் வந்து நின்று கொசு விரட்டக் குதிரைவால் விசிறியை வீசினாள். எனக்கா, அவளுக்கா என்று தெரியவில்லை. பிறகு சொன்னாள்.

"செவலைப் பசு மறுபடி கன்னு போட்டுச்சு, பொட்டைக் கன்னு. பிப்ரவரியிலேயே சொல்லியிருப்பேன்."

டிசம்பரில் பாதை உறைந்ததும் என்னைக் கட்டிக்கொண்டு, எங்கள் ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு வந்தாள். ஒரு பழுப்புத் தோல்பெட்டி, ஒரு நோட்டு. பெட்டியை அலமாரி மேலே வைத்தாள். பிரிக்கவில்லை.

"இந்த வீட்டுல பொய் எண்ணோட நான் இருக்க மாட்டேன்" என்றாள். "கல்லுல அது என்னிக்குத் தெரியுதோ அன்னிக்குக் கிளம்பிடுவேன். சொல்லிட்டேன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எனக்கும் அது விளையாட்டாகத் தெரியவில்லை. ஜனவரி பத்தொன்பது, மைனஸ் ஐம்பத்தொன்பதில், அடைத்த கலவை சுருங்கி, தூணிலிருந்து பொத்தென்று விழுந்தது. நாலும் எட்டும் ஊரைப் பார்த்துப் பல்லைக் காட்டின. நான் வீட்டுக்கு வருவதற்குள் செய்தி வந்திருந்தது. பெட்டி கீழே இறங்கிக் கதவுப்பக்கம் நின்றது.

பெயிண்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். டப்பாவுக்குள் அது கல்லாகியிருந்தது. அடுப்பில் காய்ச்சிக்கொண்டு ஓடினேன். பிரஷ் தூணில் ஒட்டிக்கொண்டது. பிரஷோடு என் கையுறையும் ஒட்டிக்கொண்டது. அதைப் பிடித்து இழுத்தபடி நான் நின்ற நிலையை யாரோ போய்ச் சொல்ல, வர்வாரா வந்து சேர்ந்தாள். முதலில் கோபமாகத்தான் வந்தாள். பிறகு பனியில் உட்கார்ந்து சிரித்தாள். கடைசியில் இரண்டு பேருமாக, கலைமான் தோல் ஒன்றைக் கயிற்றால் தூணில் கட்டி எண்ணை மறைத்தோம். பெட்டி மேலே போனது.

அதிலிருந்து ஒவ்வொரு குளிர்காலமும் இதே கூத்து. ஜனவரியில் ஏதோ ஒரு நாள் கலவை விழும். வர்வாரா பெட்டியை இறக்குவாள். நான் போகாதே என்று கெஞ்சுவேன். அவள் தேநீர் போட்டுக் குடித்துக்கொண்டே, போகவேண்டிய காரணங்களைச் சொல்வாள். குறட்டை, மூக்கு, பூட்ஸைக் கணப்பின் மேல் காயவைப்பது. ஒவ்வொரு வருடமும் காரணம் ஒன்றிரண்டு கூடும். நான் தோலைக் கட்டிவிட்டு வருவேன். பெட்டி மேலே போகும். நோட்டில் ஒரு வரி எழுதுவாள்: எண் தெரிந்த நாள், அன்றைய குளிர், தெரிந்ததற்குக் காரணம். காரணத்துக்கு நேராக எப்போதும் 'குளிர்' என்றே இருக்கும். இரண்டு பெண்கள் பிறந்தபோதும் பெட்டி இறங்கியது. அவர்கள் நகரத்துக்குப் போய்விட்ட பிறகும் இறங்கியது. உள்ளே இப்போது குழந்தைகளின் பழைய கையுறைகளும், ஒரு சரம் உலர்ந்த காளானும்தான் இருக்கின்றன.

ஏழு வருடத்துக்கு முன்னால் நிலையத்துக்கு இயந்திரம் வந்தது. அது தானே அளந்து தானே அனுப்பிவிடுகிறது. ஊசி கிடையாது, முட்டினாலும் ஒன்றும் ஆகாது. முட்டிப் பார்த்தேன்.

குளிரும் முன்போல் இல்லை. ஐம்பத்தாறு, ஐம்பத்தைந்து என்றுதான் நிற்கிறது. போன வருடம் கலவை பிப்ரவரி கடைசியில்தான் விழுந்தது. இந்த வருடம் ஆகக் குறைவு ஐம்பத்திரண்டு. ஜனவரி போனது. பிப்ரவரி போனது. தூண், பூசியது பூசியபடி நின்றது. வர்வாராவுக்கு மூட்டு வலி, தூணருகே அவளால் அடிக்கடி போக முடியாது. நான் வெளியே போய் வரும்போதெல்லாம் கேட்பாள்.

"தெரியுதா?"

"இல்ல."

"ம்."

முப்பது வருடமாக அந்த எண் தெரியக்கூடாது என்று பயந்தவன், இப்போது தெரியவில்லையே என்று பயந்தேன். ஆமாம், பயம்தான், வேறு பெயர் சொல்லத் தெரியவில்லை. பெட்டி அலமாரி மேலேயே தூசி பிடித்துக்கொண்டிருந்தது. யாரும் என் குறட்டையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவள் பாட்டுக்கு ஜன்னலோரம் உட்கார்ந்து, பழைய தெர்மாமீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு நாள், "இனிமே விழாதோ என்னவோ" என்றாள். அவள் அதைச் சொன்ன குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் எட்டாம் தேதி மத்தியானம், ஊர் சாப்பிட உட்கார்ந்திருந்த நேரம், தூணுக்குப் போனேன். உறைந்த மீனைச் சீவும் கத்தி கையில். எட்டின் மேல்சுழியில் நுனியை வைத்து நெம்பினேன். நான் அடைத்த கலவை, இந்த ஒரு வருடம் பார்த்து ஏனோ நன்றாகப் பிடித்திருந்தது. கால்மணி நேரம் போராடினேன். ஒரு துண்டு விழுந்தது. துண்டைக் காலால் பனிக்குள் தள்ளிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

"வர்வாரா, தெரியுது" என்றேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஜன்னல் தெர்மாமீட்டரைப் பார்த்தாள். மைனஸ் முப்பத்தொன்று. கோட்டை மாட்டி, தடியை எடுத்தாள். நான் கையைப் பிடிக்கப் போனேன், வேண்டாம் என்றாள். தூணுக்கு முன்னால் நின்று கையுறையைக் கழற்றி, எட்டின் சுழியில் விரலை விட்டுச் சுற்றிப் பார்த்தாள்.

"கவ்ரில்."

"ம்."

"குளிர் உரிச்சா ஓரம் இப்படி இருக்காது. கத்தி."

நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். அது ஒன்றுதான் எனக்கு நன்றாக வரும்.

"எந்தக் கத்தி?"

"மீன் கத்தி."

"மீனெல்லாம் இனிமே பெயிண்ட் வாடை அடிக்கும், மடையா." விரலை ஊதிச் சூடாக்கிக்கொண்டாள். அந்த எட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வா. பெட்டியை இறக்கு. எனக்குக் கை எட்டாது."

இறக்கினேன். தூசியைத் துடைத்துக் கதவுப்பக்கம் வைத்தேன். அவள் தேநீரை ஊற்றிக்கொண்டு அதன் மேலேயே உட்கார்ந்து, போகவேண்டிய காரணங்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள். முப்பத்தேழு வந்தது. கத்தியையும் சேர்த்து. எல்லாம் முடிந்தபின் நோட்டைத் திறந்து எழுதினாள். அவள் முகம் கழுவப் போனபோது எடுத்துப் பார்த்தேன்.

'மார்ச் 8. மைனஸ் 31. எண் தெரிந்தது. காரணம்: கவ்ரில்.'